ஏழு பேரோடு தொடங்கிய ஆட்டம்

இலங்கையில் போர் முடிந்த அந்த வாரத்தின் சனிக்கிழமை, எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குச் சொந்தத் திடலில் ஓர் ஆட்டம் இருந்தது. சொந்தத் திடல் என்று நாங்கள் சொல்லிக்கொள்வது கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னாலிருந்த புல்வெளியை. லீக்கின் கடைசிப் பிரிவில் கடைசி இடம் எங்களுடையது. என் கணவர் கோல் காப்பாளர். நான் செயலாளர். யூனியன்வில்லில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். படிவம் நிரப்புவது எனக்குப் பழகின வேலை. விதிப்புத்தகத்தை முழுவதும் வாசித்த ஒரே ஆளும் நான்தான்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமையின் கனம் எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன் ஓர் ஆட்டத்துக்கு நாங்கள் போகவே இல்லை. எல்லோரும் போரை நிறுத்தச் சொல்லி நகரத்தின் நடுவில், தெருவில், பதாகைகளோடு நின்றோம். இன்னொரு முறை வராவிட்டால் லீக்கிலிருந்து எங்களை நீக்கிவிடுவார்கள். ஏழு பேராவது இறங்கினால்தான் ஆட்டம் தொடங்கும்.

என் கணவரின் தம்பி வன்னியில் இருந்தார். பல வாரங்களாக ஒரு செய்தியும் இல்லை. அன்று காலை கணவர் கட்டில் ஓரத்தில் கைத்தொலைபேசியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய கையுறைப் பையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

"இண்டைக்கு விளையாடுறது சரியில்லையப்பா," என்றார். "சனம் என்ன நினைக்கும்?"

"நினைக்கிறது நினைக்கட்டும். போனை என்னட்டைத் தாங்கோ. நான் லைனுக்கு வெளியிலை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். அடிச்சால் ஓடி வந்து தாறன்."

"அவங்கள் பந்தோடை வாற நேரத்திலை அடிச்சால்?"

"அப்பவும் தாறன்."

சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தார்.

அணியிலிருந்த பதினெட்டுப் பேருக்கும் நான் தொலைபேசி எடுத்தேன். பாதிப்பேர் எடுக்கவில்லை. ஒருவர், "வாறன், ஆனால் ஒருத்தரும் என்னோடை கதைக்கக்கூடாது," என்றார். கதைக்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தேன்.

திடலில் எண்ணிப் பார்த்தபோது ஆறு பேர். எதிரணி போர்த்துக்கீசருடையது, முதலிடத்தில் இருந்தது. பதினைந்து பேரும் ஒரே நிறப் பைகளோடு வந்திறங்கினார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் வயதானவர். நேராக என்னிடம் வந்து, செய்திகளைப் பார்த்ததாகவும், ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்டுத் தானே கையெழுத்திட்டுத் தருவதாகவும் சொன்னார். அந்த அன்பு எனக்கு விளங்கியது. அதை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். எங்கள் ஆட்களைப் பார்த்தேன்.

ஒஷாவாவில் இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்திருந்தவர்தான் பதில் சொன்னார். "வீட்டை போய் என்ன அக்கா செய்யிறது? திரும்பவும் ரீவியைத்தான் பாக்கோணும். விளையாடுவம்."

ஏழாவது ஆளுக்கு எங்கே போவது? தமிழ்நாட்டிலிருந்து வந்து கணினி வேலை செய்யும் ஒருவர், அன்று எங்களோடு சும்மா நிற்க வந்திருந்தார். போன வருடம் எண்ணிக்கைக்காக அவரையும் பதிவு செய்திருந்தோம், ஒருநாளும் இறக்கியதில்லை.

"அக்கா, என் பேர் லிஸ்ட்ல இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப என்னை இறக்குங்க. ஓட மட்டும் தெரியும். மத்ததை நீங்க கத்துங்க, கேட்டுக்கிறேன்."

வழமையாகப் பத்துப் பேர் பார்க்க வந்தால் அது பெரிய கூட்டம். அன்று அறுபது பேராவது இருந்திருப்பார்கள். வீட்டில் தனியாக இருக்க முடியாதவர்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்தில் எட்டாவது ஆள் ஸ்ரௌவ்வில்லிலிருந்து வந்து, காருக்குப் பக்கத்திலேயே சப்பாத்தை மாற்றிக்கொண்டு ஓடினார். அதற்குள் மூன்று கோல் விழுந்துவிட்டது. என் கணவர் தடுத்தவை அதைவிட அதிகம்.

பிறகு தமிழ்நாட்டுக்காரர் வேகமாக ஓடி, பந்தைத் தாண்டிப் போய், முகங்குப்புற விழுந்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். உடனே இன்னும் சிலர். அந்த வாரத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அதன்பிறகு சனம் கத்தத் தொடங்கியது.

இரண்டாம் பாதியில் தொலைபேசி அடித்தது. எல்லைக்கோட்டோரமாகக் கோலுக்குப் பின்னால் ஓடினேன். சரியாக அந்த நேரம் எதிரணியின் முன்கள வீரர் ஒருவர் பந்தோடு தனியாக வந்துகொண்டிருந்தார். என் கணவர் ஒரு கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினார். அந்த வீரர் அதைப் பார்த்தார். காலைப் பந்தின்மேல் வைத்து நின்றார். பிறகு பந்தை வெளியே தட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தார்.

லண்டனிலிருந்து கணவரின் அக்கா. அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்கத்தான் எடுத்திருந்தார். கணவர் தொலைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார். அந்த வீரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கையுறையைப் போட்டுக்கொண்டார்.

கடைசி நிமிடங்களில் எங்களுக்கு ஒரு கோர்னர் உதை கிடைத்தது. ஒஷாவாக்காரர் அடித்த பந்து தமிழ்நாட்டுக்காரரின் தொடையில் பட்டு உள்ளே போனது. தான்தான் கோல் போட்டது என்பது, மற்றவர்கள் மேலே வந்து விழும்வரை அவருக்குத் தெரியாது. என் பக்கத்தில் நின்ற அன்ரி ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நாங்கள் வெண்டிட்டமோ?"

"இல்லை அன்ரி. ஆறுக்கு ஒண்டு."

"பறவாயில்லை," என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து கைதட்டினார்.

ஒரு மாதம் கழித்து, அகதி முகாமிலிருந்து தம்பியின் குரல் வந்தது. கணவர் என் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்து, "இருக்கிறான்," என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னார். முன்னால் நின்றவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளறைக்குள் போய் அழுதேன். ஒஷாவாக்காரருக்கு அப்படி ஓர் அழைப்பு வரவில்லை. வன்னியில் இருந்த தன் தாயைப் பற்றி அவர் எங்களிடம் சொன்னதே அந்தக் கோடை முடியும்போதுதான். அதுவரை ஓர் ஆட்டத்தையும் அவர் தவறவிடவில்லை.

அந்த வருடமும் நாங்கள்தான் கடைசி. இலையுதிர்காலக் கூட்டத்தில், கழகத்தைக் கலைத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். அடுத்த வருடத்துப் பதிவுப் படிவத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன் என்றேன். அனுப்பியிருக்கவில்லை. அடுத்தநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போட்டேன்.