ஒரு விரல் பிரசாதம்

பயந்தால் எனக்கு வாய் நீளும். சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு வயிறும் கலங்கும், பேச்சும் பெருகும். எதிரில் இருப்பவரைச் சிரிக்க வைத்துவிட்டால் வரப்போகிற கெடுதல் பாதி வழியிலேயே திரும்பிப் போய்விடும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு ஒருமுறை என் மகளைக் கொன்றிருக்க வேண்டியது.

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதல் குழந்தை பெண். பிறக்கும்போதே மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. மருத்துவச்சி குழந்தையை என்னிடம் காட்டுவதற்கு முன்னால் துண்டால் அதன் வாயை மூடினாள். துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, எம்பட புள்ள பேசறதுக்கு வாசல் பெருசா வெச்சுட்டான் சாமி" என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நான் வெளியே போய்ப் பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

கிரகணத்தன்று என் மனைவி அரிவாள்மணையைத் தொட்டிருப்பாள் என்று தொழிலாளர் லைன் வீடுகளில் பேசிக்கொண்டார்கள். "அன்னிக்கிப் பாய விட்டே எந்திரிக்கலீங்க" என்று அவள் முதலில் சண்டை போட்டாள். ஒரு வருடம் கேட்டுக் கேட்டுக் கடைசியில் அவளே, "ஏனுங்க, ஒருவேள வெங்காயம் அரிஞ்சனோ?" என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். பாலை ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். பாதி கழுத்தில் வழியும். பஸ்ஸில் ஏறினால் குழந்தையின் முகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது காய்ச்சல் என்று ஏற்காட்டில் கான்வென்ட் சிஸ்டர்கள் நடத்திய மருந்தகத்துக்குத் தூக்கிப் போனோம். அங்கே ஒரு வெள்ளைக்கார சிஸ்டர். பல வருடமாக மலையிலேயே இருந்ததால் எங்களைவிட அழுத்தமாக எங்கள் தமிழ் பேசுவார். முந்தானையை விலக்கிப் பார்த்தார். காய்ச்சலை விட்டுவிட்டு உதட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இத தெச்சுரலாமுங்க. கீழ எங்க மிஷன் ஆஸ்பத்திரிக்கு வருசத்துல ரெண்டு நாள் ஒரு டாக்டர் வராரு. காசு கெடயாது. அடுத்த மாசம் வாராரு. கூட்டிட்டுப் போறனுங்க."

மனைவி அழுதேவிட்டாள். நான் வேறு கணக்குப் போட்டேன். தைப்பது என்றால் கத்தி. கத்தி என்றால் மயக்க மருந்து. அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை. போதாக்குறைக்கு டீக்கடைக்காரர் வேறு, "சும்மா செய்வாங்களாய்யா? வேதத்துல சேத்துருவாங்க. இல்லீனா கப்பல்ல ஏத்திருவாங்க. பாத்துக்க" என்று டீயோடு சேர்த்து ஊற்றிக் கொடுத்தார். மறுநாளே போய் சிஸ்டரிடம் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க சிஸ்டர், புள்ளய கப்பல்ல ஏத்திர மாட்டீங்களே?"

அவர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். "ஏனுங்க டிரைவர், எங்க ஹாஸ்டல்ல கத்தற புள்ளைங்க எனக்குப் பத்தாதா? உம்பட புள்ளைய நீங்களே வெச்சுக்கங்க. உங்க சம்சாரம் இடிக்கற மொளகாப்பொடி நல்லாருக்குமாம். அது மட்டும் கொஞ்சம் குடுங்க."

கிளம்புவதற்கு முந்தின நாள் மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் எங்கள் சாமியிடம் போனேன். பூசாரி வாழைப்பழமும் நாட்டுச்சர்க்கரையும் பிசைந்த பிரசாதத்தை இலையில் மடித்துக் கொடுத்தார். "புள்ள வாயில ஒரு விரலு வெச்சு உடு. அப்பறம் எவன் கத்திய எடுத்தா என்ன?" என்றார். இலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் வேனில் மலையிறங்கினோம். சிஸ்டரே ஓட்டினார். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். "டிரைவர், நீங்க அமுத்தற அமுத்துல வேன் தரை ஓட்டையாயிரும்" என்றார் சிஸ்டர். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "பொழுது உளுந்ததுக்கப்பறம் புள்ள வாயில ஒன்னும் படக்கூடாது. பாலு, தண்ணி, பிஸ்கோத்து, சோறு, ஒன்னுமே. காத்தால ஆபரேசன்."

"ஒன்னுமே குடுக்க மாட்டமுங்க" என்று சத்தியம் செய்தேன். மனசாரத்தான் செய்தேன்.

விடிந்ததும் மகள் பசியில் கத்த ஆரம்பித்தாள். மனைவி தோளில் போட்டு நடந்தாள், பாடினாள், கூடவே அழுதாள். வார்டில் இருந்த நர்ஸ் சின்னப் பெண், சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்து, "பாப்பா எதாச்சும் சாப்புட்டுச்சா?" என்று கேட்டாள். எனக்கு உள்ளே நெஞ்சு டமடமவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆகவே வாய் தானாகத் திறந்தது.

"ரெண்டு பொரோட்டா, ஒரு ஆம்லெட்டுங்க. சால்னா பத்தலைன்னு அழுவுறா."

நர்ஸ் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். மனைவி மட்டும் என்னைப் பார்த்த பார்வையில் அரிவாள்மணை இருந்தது. "ஒன்னுமே குடுக்கலீங்க" என்று அவள் சொல்ல, நர்ஸ் எழுதிக்கொண்டு போனாள்.

பிறகு மனைவி முகம் கழுவப் போனாள். மகள் என் மடியில். அப்போதுதான் சட்டைப் பை ஞாபகம் வந்தது.

இதைப் படிக்கிறவர்கள் என்னை முழு முட்டாள் என்று நினைப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையில் நோன்பு என்றால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஆனால் நடுவில் பூசாரி பிரசாதம் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுவோம். நோன்பு முறிந்தது என்று யாரும் சொன்னதில்லை. சாமி கொடுத்தது சாப்பாட்டில் சேராது. பால், தண்ணீர், பிஸ்கோத்து, சோறு என்று சிஸ்டர் சொன்ன பட்டியலில் சாமி பிரசாதம் இல்லை. இருந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். ஒரு விரல் எடுத்து மகள் வாயில் வைத்தேன். அழுகை சட்டென்று நின்றது. இன்னொரு விரல். சப்புக்கொட்டினாள். அந்தக் காலையில் நான் பயப்படாமல் இருந்த ஒரே நேரம் அதுதான். சாமி துணை வந்துவிட்டது என்று நிம்மதியாக அவள் வாயைத் துடைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பச்சை அங்கி போட்ட ஆள் வந்து மகளை வாங்கிக்கொண்டு போனார். ஆபரேஷன் அறைக் கதவு மூடியது.

அதே நேரம் பக்கத்துக் கட்டில் குழந்தையை ஆபரேஷன் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதன் அப்பன் விடியற்காலையில் அரை டம்ளர் டீ கொடுத்துவிட்டானாம். "அரை டம்ளருதானுங்களே!" என்று அவன் கெஞ்சினான்.

"அரை டம்ளரோ அரைக்கரண்டியோ" என்றாள் நர்ஸ். "மயக்கம் குடுத்தா வயித்துல இருக்கறது மேல ஏறி மூச்சுக் கொழாய்க்குள்ள போயிரும். மூச்சு அடச்சிரும். உசுருக்கு ஆபத்துங்க."

நான் நின்றுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். உட்கார்ந்திருந்ததாகப் பக்கத்துக் கட்டில்காரர் பிறகு சொன்னார்.

எழுதக் கூசுகிற இடம் இது. உடனே நான் ஓடவில்லை. ஒரு பீடி பற்றவைக்கும் நேரம் சும்மா இருந்தேன். ரெண்டே விரல்தானே, அதுவும் சாமியுடையது என்று ஒரு குரல் சொன்னது. சொன்னால் ஆபரேஷன் போச்சு. டாக்டருக்கு இன்று இரண்டாவது நாள், சாயங்காலம் ரயில். இன்னும் ஒரு வருடம் முந்தானைக்குள் முகம். சொல்லாவிட்டால்? அந்தச் சொல்லாவிட்டாலுக்குப் பின்னால் என் புத்தி போகவே மறுத்தது. கால்தான் முதலில் எழுந்தது.

நர்ஸைப் பிடித்தேன். "ஏனுங்க, நிறுத்தச் சொல்லுங்க. நான் வாழப்பழம் குடுத்துட்டனுங்க."

அவள் சிரித்தாள். "காத்தால பொரோட்டா, இப்ப வாழப்பழமா? போய் உக்காருங்கண்ணா. எல்லாம் நல்லா நடக்கும்."

"நெசமாத்தானுங்க!"

"ஆம்லெட்டும் நெசந்தான? போங்கண்ணா, வேலையிருக்குது."

ஆயுளில் முதல்முறையாக நான் ஒரு உண்மையைச் சொல்ல, அது என் ஆகப் பெரிய நகைச்சுவையாகப் போய்விட்டது. நான் சத்தம் போட்டேன். வார்டே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஆபரேஷன் அறைக் கதவுக்கு ஓடி இரண்டு கையாலும் அறைந்தேன். ஒரு காவலாள் வந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

சத்தம் கேட்டு நம் சிஸ்டர் வந்தார். எனக்கு அதற்குள் பேச்சு குழறிவிட்டது. சட்டைப் பையைத் தடவி, கசங்கிய இலையை எடுத்து அவர் கையில் வைத்தேன். சர்க்கரையும் பழமும் ஒட்டியிருந்தது. நாலைந்து எறும்பும் இருந்தது.

சிஸ்டர் இலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "எப்போ?" என்று ஒரே கேள்வி.

"இப்பத்தானுங்க. விடிஞ்சப்பறம். சாமி பிரசாதமுங்க."

அவ்வளவு வயதான ஒரு மனுஷி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கதவு திறந்து மூடியது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. மகள் குரல் கேட்கிறதா என்று கதவில் காதை வைத்தேன். என் நெஞ்சுதான் கேட்டது. மனைவி ஓடிவந்து, "என்னங்க? என்ன பண்ணுனீங்க?" என்று என் சட்டையைப் பிடித்தாள். என் கையைப் பார்த்தாள், விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைப் பார்த்தாள். சட்டையை விட்டுவிட்டுச் சுவரோரம் குந்திவிட்டாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கதவு திறந்தது. சிஸ்டர் தோளில் மகள், முழு விழிப்பில், கோபமாகக் கத்திக்கொண்டு. மயக்க மருந்து கொடுக்கக் குழாயை முகத்தருகே கொண்டுபோயிருந்தார்களாம்.

சிஸ்டர் மகளை மனைவியிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் செக்கச் செவேல் என்றிருந்தது. அறைவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"எங்க கோயில்ல குடுக்கற அப்பமும் சாப்பாடு இல்லீங்க டிரைவர்" என்றார், மூச்சு வாங்க. "உங்க பிரசாதமும் இல்ல. ஆனா அது எதுவும் வயித்துக்குத் தெரியாதுங்க."

பிறகு உள்ளே போய் டாக்டரிடம் பேசினார். வெகுநேரம் பேசினார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது; கதவுக்கு வெளியிலிருந்து கேட்டால் சண்டை மாதிரி இருந்தது. கடைசியில், பட்டியலில் கடைசி ஆளாக மத்தியானத்துக்கு மேல் செய்யலாம், ஆனால் அதுவரை அப்பன்காரன் குழந்தைக்குப் பத்தடி தூரத்தில் இருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. பத்தடி என்று டாக்டர் சொன்னாரா, சிஸ்டர் சேர்த்துக்கொண்டாரா, இன்றுவரை தெரியாது. என் சட்டைப் பையைக் காவலாள் வெளியே இழுத்துத் தட்டிப் பார்த்தார்.

மத்தியானம் மறுபடி கதவு மூடியது. இந்த முறை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரில் இருந்த சிலுவையைக் கும்பிட்டேன், மலை இருக்கும் திசையையும் கும்பிட்டேன். எந்த ஆபீசில் மனு நிற்கிறது என்று தெரியாதவன் எல்லா ஜன்னலிலும் நீட்டத்தானே வேண்டும்.

வெயில் இறங்கும்போது அவளை வெளியே கொண்டுவந்தார்கள். உதடு வீங்கி, கறுப்பு நூல் தெரிய, யாரோ ஒரு குழந்தைபோல இருந்தாள். முழங்கை மடங்காமல் இரண்டு கையிலும் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள், தையலைப் பிய்த்துவிடுவாள் என்று. டாக்டர் என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு ரயிலுக்கு ஓடினார். சிஸ்டர் எனக்கென்று தனியாகச் சொன்னார்.

"டிரைவர், ஏழு நாளைக்கி அவ அழுவக்கூடாது. வாய்விட்டுச் சிரிக்கவும் கூடாது. இழுத்துச்சுன்னா தையல் பிரிஞ்சிரும். புரியுதுங்களா? வாய மூடிட்டு இருங்க."

இருந்தேன். எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். "கட்டிக்கிட்ட நாள்லருந்து இப்பத்தான் நீங்க மனுசனாட்டம் இருக்கறீங்க" என்றாள் மனைவி. ஆபரேஷன் அன்று காலைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

ஐந்தாம் நாள். மகள் என்னையே பார்த்தாள். நான் இன்னும் கடுமையாக முகத்தை இறுக்கினேன். அவள் கண் சுருங்கியது. தோள் குலுங்கியது. அட்டை கட்டிய இரண்டு கையும் குச்சிபோல மேலே எழுந்தன. வயிற்றிலிருந்து கிளம்பிக் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டாள்.

"சிரிச்சுட்டாளுங்க! தையல் போச்சுங்க! யாராச்சும் வாங்க!" என்று நான் அலறிய அலறலில் அந்த நர்ஸ் டார்ச் லைட்டோடு ஓடிவந்தாள். நூல் நூலாகப் பார்த்தாள். பார்த்து முடிக்கும்வரை நான் மூச்சு விடவில்லை.

"எல்லாம் நிக்குதுங்கண்ணா. ஒன்னும் போவுல" என்றாள். "நீங்க மூஞ்சிய இப்பிடி வெச்சிருந்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது? தயவுசெஞ்சு வெளிய போய் நில்லுங்க."

மீதி இரண்டு நாளும் வராந்தாவில் நின்றேன். ஏழாம் நாள் தையல் பிரித்துவிட்டு சிஸ்டர் வெளியே வந்து, "இப்ப வாங்க" என்றார். போனேன். மகள் அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மேலுதடு கீழுதட்டின்மேல் படிந்து வாய் மூடியிருந்தது. வாயை மூடிக்கொண்டு அவள் தூங்குவதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தேன். வந்தது. யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னொரு தரமும் வைத்துப் பார்த்தேன்.