மழை இல்லாத ஊர்

விருத்தாசலம் ஜங்ஷனில், வாசல் வரை நீண்டிருந்த முன்பதிவு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார் அந்த அம்மா. மெலிந்த உடம்பு, தலையில் சுற்றிய துண்டு. செராமிக் கம்பெனியில் பொம்மை செய்கிறவர் என்று நகக்கண்ணில் காய்ந்திருந்த வெள்ளை மண்ணே சொன்னது. வெளியே டிசம்பர் தூறல். அடிக்கடி கையை வெளியே நீட்டி, மழை விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஈரம் இருந்தால் பொம்மை காயாது, அந்தப் பழக்கம்.

"தம்பி, அந்தமான்ல டிசம்பர்ல மழை எப்படி இருக்கும்னு போன்ல பாத்து சொல்லுங்க. எம்பொண்ணு அங்கதான் இருக்குது. மாசம் பூரா மழை, கப்பலே ஓடாது, நீ வராதன்னு சொல்லுது."

பார்த்துச் சொன்னேன். பெரும்பாலும் வெயில், எப்போதாவது ஒரு மழை, குளிர் கிடையாது. கப்பலும் ஓடுகிறது.

அவர் முகம் வாடிவிட்டது. ஏன்தான் சொன்னோமோ என்றாகிவிட்டது எனக்கு.

"அப்ப மழை இல்ல, கோவம்தான்" என்றார். "அது கல்யாணத்துக்கு நான் போவல தம்பி."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"கோவம்னா போயி பேசிக்கலாம். மழைன்னா நான் என்னா பண்ண முடியும்?"

கவுன்ட்டரில் சென்னைக்கு ஒரு டிக்கெட் கேட்டார். "அங்கேருந்து கப்பலு" என்று, கேட்காமலே அந்த ஊழியரிடமும் சொன்னார்.

அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கப்பலை விட்டு இறங்கியதும் வழக்கம்போலக் கையை நீட்டிப் பார்த்திருப்பார். அந்தக் கையை மகள் வந்து பிடித்திருப்பாள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.