குண்டனின் வாயில் ஒரு தேரை

எனக்குப் பாம்பென்றால் பயம். பயம் என்று எழுதினால் போதாது. அந்தச் சொல்லைக் கேட்டாலே உள்ளங்கால் கூசும். வெட்டிப்போட்ட சைக்கிள் டியூப் நிலத்தில் கிடந்தாலும் தள்ளி நின்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவேன். இப்படிப்பட்ட நான்தான், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற றோட்டால் இறங்கி உள்ளே வருகிற எங்கள் ஒழுங்கையில், சோளகக் காற்றில் ஊரே காய்ந்து கிடக்கும் மாதங்களில்கூட ஈரம் வற்றாத ஓர் இடத்தை என் கையாலேயே கட்டி வைத்தேன். புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அந்த இடத்துக்கு வீட்டில் குடுவைக் கொட்டில் என்று பெயர். சுற்றிவரப் பச்சை வலை. கீழே செங்கல், செங்கலின் மேல் ஈரத் தேங்காய்ப் பொச்சு, காற்று வரும் பக்கத்தில் நனைத்த சாக்கு. உள்ளே இருப்பவை பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகள். இலையின் நுனி கொடியாக நீளும். கொடியின் நுனி ஊதி, வாயும் மூடியும் வைத்த ஒரு சின்னக் குடமாகும். விளிம்பில் வழுக்கி உள்ளே விழும் எறும்பும் ஈயும் அந்தக் குடத்துத் தண்ணீரில் கரைந்துபோகும். எங்கள் வன்னி மண்ணில் இது தானாக முளைக்காது. மழை ஓயாத தெற்குப் பக்கத்தில் கலப்பினங்களை வளர்க்கும் ஒருவரிடம் போனில் கேட்டு, பஸ்ஸில் பார்சலாக எடுப்பித்தேன். ஏன் இந்த ஆசை என்று கேட்காதீர்கள். சில பெண்கள் போனில் நகை பார்ப்பார்கள், நான் குடுவை பார்த்தேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். அதை ஊற்றினால் இந்தச் செடிகள் கருகிப்போகும். ஆகவே மாரியில் கூரையால் வழிவதைப் பீப்பாக்களில் பிடித்து, நுளம்பு புகாமல் துணி கட்டி மூடி, கோடை முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் செலவழிப்பேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பா.

“மனுசர் நாங்கள் கிணத்துத் தண்ணியைக் குடிக்கிறம். உம்மடை மகாராணியளுக்கு மழைத்தண்ணி கேக்குதோ?”

“ஓம் அக்கா, பன்னீரும் கேக்கினம். நீங்கள் கொஞ்சம் அனுப்பி விடுங்கோவன்” என்பேன்.

செடிகளில் இரண்டுதான் எனக்கு உயிர். ஒரே காயிலிருந்து வந்த விதைகளில் முளைத்த உடன்பிறப்புகள் அவை. ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒன்று தாயைப்போல, அதன் குடுவைகள் உருண்டை உருண்டையாக, செங்கல்லிலேயே குந்தியிருக்கும். மூடி பின்னால் மடிந்து, வாய் எப்போதும் ஆவென்று திறந்திருக்கும். அதற்குக் குண்டன் என்று பெயர் வைத்தேன். மற்றது தகப்பனைப்போல, இடுப்பு ஒடுங்கி, உயர்ந்து, விளிம்பில் சிவப்புக் கோடுகளோடு. அது நெட்டையன். எங்கள் வெயிலுக்கும் காற்றுக்கும் எந்தக் கலப்பு தாக்குப்பிடிக்கும் என்று அடிமட்டம் வைத்து அளந்து அளந்து ஒப்பிடுவதுதான் என் பொழுதுபோக்கு. நான் குண்டன் பக்கம். என் மனுசன் நெட்டையன் பக்கம்.

அவர் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவர். வீட்டுக்கு முன்னால் இறக்கிய தகரக் கொட்டகைதான் கடை. சண்டை முடிந்து திரும்பி வந்து காணியைத் துப்புரவாக்கியபோது மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் றப்பர் பாதம் வைத்த பொய்க்கால். விடிய எழும்பியதும் கட்டிலுக்குக் கீழே கையை விட்டு அதை எடுத்துப் பூட்டுவார். “மோட்டரைப் பாத்திட்டு வாறன்” என்று கிணற்றடிக்குப் போவார். நான் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுக் குடுவைக் கொட்டிலுக்குப் போவேன். எங்கள் நாள் இப்படித்தான் தொடங்கும்.

சென்ற சோளகத்தின்போது ஒரு காலையில் குண்டனின் பெரிய குடுவைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. ஒரு தேரை. விளிம்பில் கையை ஊன்றி, வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தது. செடிக்கு வருகிற பூச்சியைத் தான் பிடித்துத் தின்கிறது! எனக்குப் பிடிபடாத சந்தோசம். படம் எடுத்து, என்னைப்போல் செடிப் பைத்தியம் பிடித்தவர்கள் கூடும் முகநூல் குழுவில் போட்டேன். எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். அடுத்த கிழமை பொச்சுக்குள் தேரை, சாக்குக்குக் கீழே தேரை, பீப்பாவுக்குப் பின்னால் தவளை. குளமும் வாய்க்காலும் வெடித்துக் கிடக்க, ஊரிலுள்ள தேரை எல்லாம் என்னிடம் இடம்பெயர்ந்து வந்திருந்தன. நான் விசரி, அதையும் படம் எடுத்தேன்.

படத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா சிரிக்கவில்லை.

“உதுகள் இவ்வளவு சேர்ந்தால், பிறகு உதுகளைத் தேடி வாறது வரும். பேர் சொல்லமாட்டன்” என்றா.

அன்றைக்கே கொட்டில் வாசலில் ஒரு தடியைச் சாய்த்து வைத்தேன். பாம்புச் சட்டையைக் கண்டது அதற்குப் பிறகுதான். குண்டனின் சாடிக்கும் செங்கல்லுக்கும் இடையில், கண்ணாடித் தாள் போல, முழுசாக, வால் வரைக்கும். நான் குடுவையின் வாயை அளக்கக் குனிந்திருந்தேன். என் விரல் அதில் முட்டியது. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. அடிமட்டம் உள்ளேயே கிடந்தது.

இந்தப் பயம் எங்கே பிடித்தது என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில், செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது அம்மா என்னை நிலத்துக்குக் கீழே வெட்டிய பங்கருக்குள் இறக்கிவிட்டா. இருட்டில் ஒன்று என் பாதத்துக்கு மேலால் மெல்ல ஊர்ந்து போனது. மேலே செல், கீழே அது. கத்தினால் மற்றவர்கள் எழும்பி வெளியே ஓடுவார்கள் என்று கத்தாமல் நின்றேன். அது ஒன்றும் செய்யவில்லை, போய்விட்டது. ஆனால் அந்தக் குளிர்ந்த பாரம் இன்னும் என் காலில் கிடக்கிறது.

சட்டையில் படம் விரிகிற தலைப் பக்கத்தைப் பார்த்து நாகம் என்று அக்கா சொன்னா. நாகம் என்றால் இங்கே யாரும் அடிக்க மாட்டார்கள். புளியங்குளத்துக்கு அங்கால் இருக்கிற நாகதம்பிரான் கோயிலில் பொங்குவதாக நேர்ந்தேன். பிறகு என் மனுசனிடம் அழுதேன்.

“இஞ்சேருங்கோ, எல்லாத்தையும் பிடுங்கி எறியுங்கோ. எனக்கு ஒரு செடியும் வேண்டாம்.”

“உமக்கு விசரே? நெட்டையன் அடுத்த குடுவைக்கு மொட்டு விட்டிருக்கிறான். தோத்துப்போவன் எண்ட பயத்திலை கதைக்கிறீர்.”

“பகிடி விடாதேங்கோ. அடிமட்டத்தையும் விட்டிட்டு ஓடி வந்தனான்.”

“சும்மா பயப்பிடாதையும். நீர் போற நேரத்துக்கு அது அங்கை நிக்காது. நான் சொல்லுறன்.”

அவர் என்ன சோதிடமா பார்த்தார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் சோளகத்தில் ஒரு நாள் தண்ணீர் தெளிக்காவிட்டால் குடுவைகள் விளிம்பிலிருந்து கருகத் தொடங்கிவிடும். எனவே போனேன். பழைய சட்டியைக் கரண்டியால் தட்டிக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு, தேவாரம் பாடிக்கொண்டு போனேன். ஒவ்வொரு சாடியையும் தடியால் தொட்டேன். தேரை பாய்ந்தால் நான் அதைவிட உயரப் பாய்வேன். அவர் வாளி நிறையத் தேரைகளை அள்ளிக் கொண்டுபோய்க் குளக்கட்டில் விட்டார். பின்னேரம் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ஆனாலும் அவர் சொன்னது போலவே, நான் போகிற நேரத்தில் பாம்பு ஒரு நாளும் நிற்கவில்லை. நாகதம்பிரான்தான் காக்கிறார் என்று நினைத்தேன். கிணற்றடியால் வருகிற அவருடைய றப்பர் பாதத்தில் பொச்சுத் தும்பு ஒட்டியிருந்ததைக் கண்டும், ஏன் என்று யோசிக்கவில்லை.

நெட்டையனின் புதுக் குடுவை மூடி திறக்கும் தறுவாயில் இருந்தது. திறக்கும்போதே படம் எடுக்க வேண்டும் என்று ஒரு நாள், தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டாமலே, போனை எடுத்துக்கொண்டு வெளிச்சம் வந்ததும் கொட்டிலடிக்குப் போனேன். உள்ளே யாரோ கதைக்கிற சத்தம் கேட்டது.

“போம், போம். வெளியாலை போம். அவா இப்ப வரப்போறா.”

வலைக்குள்ளால் பார்த்தேன். என் மனுசன் பொய்க்காலை முன்னுக்கு நீட்டி, நல்ல காலைப் பின்னுக்கு வைத்து, கையில் பிடித்த தடியில் பாரத்தைப் போட்டு நின்றார். அந்த றப்பர் பாதத்தால் ஒவ்வொரு சாடிக்குப் பின்னாலும் தட்டிக்கொண்டு போனார். குண்டனின் சாடியைத் தட்டியபோது அது எழும்பியது. படம் விரிந்தது. சீறல் என் முதுகெலும்பில் கேட்டது. கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. பங்கருக்குள் நின்ற அதே பிள்ளையாகிவிட்டேன். அது பாய்ந்து அவருடைய பாதத்தில் கொத்தியது. கதவில் விரலால் தட்டுவது போல ஒரு சின்னச் சத்தம். அவர் அசையவில்லை. அது இறங்கி, வலைக்குக் கீழால் பனை வடலிப் பக்கம் போனது.

கதறிக்கொண்டு உள்ளே ஓடி அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். தடவித் தடவிப் பார்த்தேன்.

“அதில்லையப்பா. மற்றது” என்று சிரித்தார்.

மற்றதைப் பார்த்தேன். றப்பரில் இரண்டு சின்னத் துளைகள். அவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு. குதிகால் பக்கத்தில் வேறு இரண்டு, தூசி அடைந்து பழசாகிப்போனவை.

“எத்தனை நாளா?” என்று கேட்டேன்.

“நீர் சட்டையைக் கண்டு அழுத நாளிலையிருந்து.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் விட்டிருப்பீரோ? இஞ்சை பாரும், உமக்கு ரெண்டு காலும் சதை. எனக்கு ஒண்டு றப்பர். ஆர் முதல் போறது நியாயம், நீரே சொல்லும்.”

“பாம்புக்குத் தெரியுமே எது றப்பர் எண்டு?”

நான் அவரை அடித்தேன். நெஞ்சிலும் தோளிலும் இரண்டு கையாலும் அடித்தேன். ஒரு காலை இந்த மண்ணுக்குக் கொடுத்தது போதாதென்று, மற்றக் காலை என் செடிக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறாரே என்று ஒப்பாரி வைத்து அழுதேன். அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே எடுத்துக்கொண்டா. நெட்டையனின் மூடி அதற்கிடையில் திறந்துவிட்டது. படம் எடுக்கவில்லை.

அன்றைக்கே பொச்சையும் செங்கல்லையும் அள்ளி வெளியே போட்டோம். சாடிகளைக் கம்பியில் தூக்கிக் கட்டினோம். நிலத்தைக் காய விட்டோம். நெட்டையன் அந்தரத்தில் தொங்கியபடி குடுவைக்கு மேல் குடுவையாக விட்டான். நிலத்தில் குந்தியிருந்து பழகிய குண்டனுக்குக் காற்றுப் பிடிக்கவில்லை. புதுக் குடுவைகள் புளியங்கொட்டை அளவில் நின்றுவிட்டன. பந்தயத்தில் தோற்றேன். தேரைகள் குறைந்துவிட்டன. பாம்பு போய்விட்டதா, வடலிக்குள் கிடக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? நாகதம்பிரானுக்குப் பொங்கியும் வந்தோம். ஆனால் இப்போது என் காலில் அந்தக் குளிர்ந்த பாரம் இல்லை. அவருடைய வலது காலைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் இருக்கிறது.

இனித் தனியே போகமாட்டேன் என்று சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. பொழுதுபட்டுப் படுக்கப்போகும்போது அவர் கழற்றி வைக்கும் பொய்க்காலை எடுத்து, என் பக்கத்தில், என் தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறேன். விடிந்ததும் அவர் கட்டிலுக்குக் கீழே கையை விட்டுத் துழாவுவார். பிறகு என்னைத் தட்டி எழுப்புவார்.

“காலைத் தாருமப்பா” என்பார்.

“பொறுங்கோ, நானும் வாறன்” என்பேன்.