செவுளைத் தூக்கிப் பார்க்காத ஏலம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கரையில் மீன் ஏலம் விடுகிறவன் நான். அதற்கு முன் செங்கல் சூளை, லாரி கிளீனர், இறால் பண்ணைக் காவல், மங்களூர்ப் பக்கம் இரண்டு சீசன் விசைப்படகு. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. நான் மூன்று வருடம் தொடர்ந்து தங்கிய ஒரே இடம் இந்தக் கரைதான். அந்த மூன்று வருடத்தில், ஏலத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. முட்டாளாவதற்கு அதற்கு மேல் தகுதி தேவையில்லை.

என் அக்கா கரையில் மீன் எடுத்துத் திருப்போரூரில் விற்கிறாள். அவள் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். மீன் கூடையைப் பார்த்ததும் ஷேர் ஆட்டோக்காரன் வேகமெடுப்பான். பேருந்தில் ஏறினால், ராத்திரி அதே மீனைக் குழம்பு வைத்துத் தின்னப்போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்டக்டரைக் கூப்பிடுவார்கள். இறக்கிவிடப்பட்ட நாளில் ஐஸ் கரைந்து, மீன் பாதி விலைக்குப் போகும். அதனால் ஒரு பழைய லோடு ஆட்டோ வாங்க வேண்டும் என்று மூன்று வருடமாகப் பணம் சேர்த்தாள். அந்தப் பணம் போனால் அவளுக்கு வேறு வழி கிடையாது. வண்டி வாங்கும் பொறுப்பைத்தான் என்னிடம் கொடுத்தாள்.

பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பழைய போன் விற்கிற ஒருவன் எனக்குப் பழக்கம். தவணை கட்டாதவர்களிடம் பிடித்த வண்டிகளை ஆன்லைனில் ஏலம் விடும் தளத்தை அவன்தான் காட்டினான். அதில் ஒரு நீல நிற லோடு ஆட்டோ இருந்தது.

“வண்டி எங்க நிக்குது?” என்றேன்.

“சிங்கப்பெருமாள் கோயில் யார்டுல. போய் இன்னா பண்ணப் போற மச்சான்? அதான் பன்னெண்டு போட்டோ போட்டுகீறான்ல.”

மங்களூர் வரை போய் வந்தவனுக்குச் சிங்கப்பெருமாள் கோயில் போகச் சோம்பலாக இருந்தது. நிபந்தனைகள் பொடி எழுத்தில் ஐந்து பக்கம். படித்தேன் என்று ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டேன். தளத்தில் முன்பணம் கட்டிப் பதிவும் செய்தாயிற்று.

“பாக்காம எப்டிடா எடுப்ப?” என்று அக்கா கேட்டாள்.

“இது வேற ஏலம்க்கா. உனக்குப் புரியாது.”

எனக்கு மட்டும் புரிந்திருந்தது போல.

கரையில் ஒரு வழக்கம் உண்டு. வியாபாரி ஒருவருக்குக் கல்யாண ஆர்டர் இருந்தால் ஏலத்துக்கு முன்பே சத்தமாகச் சொல்லிவிடுவார்: இந்த வஞ்சிரம் எனக்கு வேணும். மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். நாளைக்கு அவர்களுக்கும் கல்யாண ஆர்டர் வரும். நான் அதையே செய்தேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் முந்நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், ‘நீல லோடு ஆட்டோ எங்க அக்காவுக்கு. யாரும் கை வைக்காதீங்க’ என்று எழுதி, அடியில் என் போன் நம்பரையும் போட்டேன். யாரோ ஒருவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். முந்நூறு பேரும் சம்மதித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏலம் காலை பதினோரு மணிக்கு. அதற்கு மேல் போகாதே என்று அக்கா ஒரு தொகையைச் சொல்லியிருந்தாள். கரையில் பெரிய வியாபாரி முதல் விலை கேட்கும்போதே ஒரே தாவாகத் தாவுவார். அவர் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் பின்வாங்குவார்கள். நானும் தாவினேன். திரையில் முகமே இல்லை. ‘ஏலதாரர் 6’ என்று ஒருவன் ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றிக்கொண்டே வந்தான். நான் தாவியதால் நடந்தது ஒன்றுதான்: விலை சீக்கிரம் ஏறியது. முடிய வேண்டிய நேரத்தில் யாராவது கேட்டால் கடிகாரம் இன்னும் மூன்று நிமிடம் நீளும். எண்கள் சிவப்பாகத் துடித்தன. வண்டி எனக்கு மறந்துபோனது. அந்த ஆறாம் நம்பர்காரனைத் தோற்கடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா திரைமேல் கையை வைத்து மறைத்தாள்.

“நான் சொன்ன எடம் வந்துடுச்சி. வெய்யி.”

“இன்னும் ஒரு வாட்டிக்கா.”

“நீ இன்னா சீட்டா ஆடுற? வெய்யின்றேன்ல.”

வண்டி ஆறாம் நம்பருக்குப் போனது.

மறுநாள் காலையில் போன் வந்தது. ஏல ஆபீஸிலிருந்து பேசுகிறேன், ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், அடுத்து நீங்கள்தான், உங்கள் கடைசி விலைக்கே வண்டி, ஆனால் பணத்தை நாளை பன்னிரண்டு மணிக்குள் இந்த நம்பருக்கு நேராக அனுப்ப வேண்டும் என்றான் ஒருவன். எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. கரையில் நானே தினம் செய்வதுதான். எடுத்தவன் காசில்லை என்று நழுவினால், அடுத்த விலை கேட்டவனைக் கூப்பிட்டு மீனைத் தள்ளிவிடுவேன். வாய்ச்சொல் போதும். இவன் என்னைப் போலவே ஒரு ஏலக்காரன் என்று அவன்மேல் பாசமே வந்தது. வண்டியை வேறு யாருக்கும் கொடுக்காமல் இருக்க டோக்கன் கேட்டான். என் பையிலிருந்த ஐயாயிரத்தை உடனே அனுப்பினேன். பிறகு பெரிய சாதனையாளன் போல அக்காவிடம் போய் மீதியைக் கேட்டேன். டோக்கன் கதையைச் சொல்லவில்லை.

“தளத்துல கட்டாம இவனுக்கு ஏன் கட்டணும்?” என்றாள்.

“ரெண்டாவது ஆளுக்கு இப்டித்தான்க்கா.”

“நீ ரெண்டாவது ஆளுக்கு மீன் குடுக்கும்போது, மீனு எங்க கீது?”

“தார்ப்பாய்லதான்.”

“அப்ப தார்ப்பாய பாத்துட்டு வரலாம், வா.”

மறுநாள் காலை யார்டுக்குப் போனோம். வரிசையாகத் தூசி படிந்த வண்டிகள். காவலுக்கு இருந்த பெரியவர் நீல ஆட்டோவைக் காட்டினார். “இது வித்துப்போச்சும்மா. எடுத்தவரு முழுப் பணமும் கட்டிட்டாரு. நாளைக்கி வந்து ஓட்டிகினு போறாரு.”

அந்த நேரத்தில் போன் அடித்தது. மீதி எங்கே என்று கேட்டான். அக்கா வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“வண்டி எங்க சார் நிக்குது?”

“யார்டுலதான்மா. நானே பக்கத்துல நின்னு தொடச்சிகினு கீறேன். சீக்கிரம் அனுப்பு.”

“அப்டியா? நானும் அது பக்கத்துலதான் நிக்கிறேன். உன்னக் காணோமே. வண்டிக்கு அடியில கீறியா?”

காவல்காரர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு, “இங்க இல்ல அண்ணாத்த,” என்று போனைப் பார்த்துச் சொன்னார். எதிர்முனை துண்டித்துக்கொண்டது.

அக்கா சும்மா வரவில்லை. சீட்டைத் தூக்கினாள். பேட்டரி இல்லை. எலி கூடு கட்டியிருந்தது. எஞ்சினைச் சுற்றிப் பழைய எண்ணெய் கெட்டியாக உறைந்திருந்தது. இடது பக்கத் தகடு கையளவுக்குத் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. பன்னிரண்டு படங்களும் வலது பக்கத்தில் எடுத்தவை. கூடையின் மேல்வரிசையில் பெரிய மீனை அடுக்கி, பொடிசையெல்லாம் அடியில் போடுவது என் தொழில். அந்த அடுக்கில் நானே விழுந்தேன். கரையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குகிறவனை நாங்கள் மனிதனாகவே மதிப்பதில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் ஐயாயிரத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “அது உன் காசுதான?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்ப சரி,” என்றாள். சைபர் போலீஸுக்குப் புகார் கொடுத்தோம். வாட்ஸ்அப் குழுவில் நானே போட்ட நம்பரைப் பார்த்துத்தான் அவன் கூப்பிட்டிருப்பான் என்று சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். பணம் இன்னும் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்த ஏலங்களில் என் வேலை அவளோடு யார்டுக்குப் போய் சீட்டைத் தூக்கிப் பிடிப்பது மட்டும்தான். எஞ்சின் நம்பரைத் தளத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிடுவாள், பழைய தவணை பாக்கி யார் தலையில் விழும் என்று கேட்பாள், கடைசி ஐந்து நிமிடம் வரை வாயே திறக்க மாட்டாள். தன் தொகை தாண்டியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீன் நறுக்கப் போய்விடுவாள். இரண்டு வண்டிகள் கை நழுவின. இரண்டாவது போன மறுநாள் என் நம்பருக்கு மறுபடியும் ஒரு போன் வந்தது; அக்காதான் எடுத்தாள். ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டாராம்.

“அப்டியா நைனா? வண்டியக் கரைக்கு ஓட்டிகினு வா. எங்க தம்பி இங்கயே கூவி ஏலம் விடுவான்.”

மூன்றாவது வண்டி கிடைத்தது. வெள்ளை நிறம், கதவில் ஒரு நசுங்கல். அந்த நசுங்கல் படத்திலும் இருந்தது. வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். விலை கேட்கும் வேலையை அவள் இன்றுவரை என்னிடம் கொடுக்கவில்லை.