தாமல் ஏரிக்குப் போன பி.பி. கால்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசரம்மா என் தலையில் ஹெட்செட்டை மாட்டிவிட்டுச் சொன்னது இதுதான்: "காது திறந்திருக்கணும், வாய் மூடியிருக்கணும். லைன்ல கேட்டத வெளிய சொன்னா வேலை போயிடும்." காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிடையர் ஆகும்வரை போர்டில் உட்கார்ந்து, ஒரு லைனை இன்னொன்றோடு சேர்க்கிற கார்டு என்ற ஒயரைச் சொருகினேன். காது விஷயத்தில் எனக்குக் கஷ்டமே இல்லை. வாய்தான்.

1. அமெரிக்காவும் இல்ல, அரக்கோணமும் இல்ல

எழுபதுகளின் தொடக்கம். சொந்தபந்தம் அங்கே யாரும் இல்லாவிட்டாலும், டாக்டர், இன்ஜினியர் படிப்பு இருந்தால் குடியேற அமெரிக்கா விசா தருகிறது என்ற பேச்சு எங்கள் ஊருக்கும் வந்திருந்த நேரம்.

ஒருநாள் காலை மெட்ராஸிலிருந்து ஒரு பி.பி. கால். அதாவது, குறிப்பிட்ட ஆளைக் கூப்பிட்டு வைத்துப் பேசுவது. அப்போது தெருவுக்கு ஒரு போன் இருந்தால் அதிகம். நம்பர் நாயுடுவின் பட்டு நூல் கடையுடையது. ஆள், நாலு வீடு தள்ளி இருந்த இன்ஜினியர் சம்பத்.

கூப்பிட்டவர் சம்பத்தின் நண்பர். "மேடம், அமெரிக்கா விஷயம், அவசரம்னு சொல்லுங்க" என்றார். அப்படியே நாயுடுவிடம் சொன்னேன். அவர் கடை ஆளை அனுப்பினார். போன வேகத்தில் ஆள் திரும்பி வந்தான்.

"ஏம்மா, அங்க அமெரிக்காவும் இல்ல, அரக்கோணமும் இல்லியாம். அந்தம்மா கதவச் சாத்திடுச்சு" என்றார் நாயுடு.

லைனில் காத்திருந்த நண்பர் அழாத குறை. "அவங்க அம்மாதான் மேடம், கண்ணு படும்னு எல்லாத்தையும் மூடி வெச்சிக்கினு இருக்காங்க. தபால்காரருக்குத் தெரியக்கூடாதுன்னு விசாவுக்கு சம்பத் என் அட்ரஸ்தான் குடுத்திருக்கான். தந்தி அடிச்சா தெருவே கூடிடும். நாளைக்குக் காலையில இன்டர்வியூ. வரலேன்னா இந்த மாசத்து விசா நம்பர் அடுத்தவனுக்குப் போயிடும். மறுபடி எப்ப வருமோ!"

பயணம், கர்ப்பம், பெண் பார்ப்பது மூன்றையும் முடியும்வரை மூடி வைப்பது எங்கள் ஊர் வழக்கம்தான். ஆனால் போகிறவனையே போகவிடாமல் மூடி வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

சூப்பர்வைசரம்மாவிடம் போய் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆப்பரேட்டர் சேதி கொண்டு போகக் கூடாது. அது ரூல்" என்றவர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "பேச வந்தவரே சொல்லச் சொல்லிட்டாரு. சாப்பாட்டு நேரத்துல நீ யார் வீட்டுக்குப் போனா எனக்கு இன்னாம்மா?" என்றார். அந்த மனுஷிக்குக் கோயிலே கட்டலாம்.

2. யாருடைய கண்?

சம்பத்தின் அம்மா ஆண்டாளம்மா. பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கிறவர். முழங்கைவரை அரக்குச் சிவப்பு. வீட்டில் அவரும் மகனும்தான்.

"எங்க வீட்ல யாரும் எங்கயும் போகலம்மா" என்றார், நான் வாய் திறக்கும் முன்பே. குழாயடியில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவரைத் தாண்டி உள்ளே போய் நானே கதவைச் சாத்தினேன். வெட்கமே இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. சாயக் கொப்பரையில் கம்பைத் துழாவிக்கொண்டே கேட்டார்: "நாளைக்குப் போகலேன்னா அது போயிடுமா?"

"போயிடும்."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா போயிடும்மா."

அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவர் பயந்தது ஊர்க் கண்ணுக்கு இல்லை; மகனுக்கு அந்த வாய்ப்பு தவறிப்போகாதா என்றுதான் கண் கொட்டாமல் காத்திருந்தார். வற்புறுத்தலாமா, திரும்பிப் போய்விடலாமா என்று தெரியாமல் நின்றேன்.

அவர் கொப்பரைக்கு அடியில் எரிந்த விறகை வெளியே இழுத்துப் போட்டார். "ஊர்க் கண்ணு ஊர்க் கண்ணுன்னு சொல்லிக்கினு இருந்தேன். என் கண்ணுதான்மா அவன் மேல கெடந்துது" என்றார். கையை முந்தானையில் துடைத்தார். "தாமல் ஏரியில மதகு ரிப்பேர் பார்த்துக்கினு இருக்கான். நாயுடுவ சைக்கிள்ல ஆள் அனுப்பச் சொல்லு. நான் சொன்னேன்னு சொன்னாத்தான் வருவான்."

சம்பத் சாயங்கால பஸ்ஸில் மெட்ராஸ் போனார். அந்த வருஷமே அமெரிக்காவும் போனார்.

3. மூன்று நிமிஷம்

அடுத்த பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து எங்கள் போர்டு என்று ஒரு கால் வந்து சேர்ந்தது. ஆண்டாளம்மா நாயுடு கடைக்கு ஓடி வந்து ரிசீவரைப் பிடித்ததும், அதில் பேசாமல் கடையில் இருந்தவர்களிடம் கத்தியதுதான் முதலில் என் காதில் விழுந்தது: "எம் புள்ள! அமெரிக்காவுலேர்ந்து பேசுறான்!" நாலு வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

பிறகு சாப்பிட்டாயா, குளிருதா, சாப்பிட்டாயா. அதற்குள் மூன்று நிமிஷம் ஆகி, அந்தப் பக்கம் அறுந்தது. நான் கார்டை உருவப் போனேன்.

"எக்ஸ்சேஞ்சம்மா, எடுத்துடாத" என்றார். "அவன் வெச்சிட்டான்னு தெரியுது. இந்த இரைச்சல் அவன் இருக்கிற பக்கத்துலேர்ந்துதான வருது? கொஞ்ச நேரம் கேட்டுக்கினு இருக்கேன்."

அது எங்கள் போர்டின் இரைச்சல்தான். நான் சொல்லவில்லை. பக்கத்தில் காத்திருக்கிற வேறு கால்களின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, சூப்பர்வைசரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வாயை மூட வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். கார்டை அவர் போனை வைக்கும்வரை எடுக்கவில்லை.