ஆடிய ஸ்டியரிங்கும் நடுங்கிய கையும்

பரமத்தி வேலூர்ப் பட்டறையில் நான் சந்தித்த அந்த மெக்கானிக் மெலிந்த உடலினர். எந்த ஓசையையும் கண்களை மூடிக்கொண்டே கேட்பவர். வளைகாப்பு முடிந்த என் மகளை அன்று காலை கரூரிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது, என் பழைய காரின் ஸ்டியரிங் தளர்ந்து, திரும்பும்போதெல்லாம் 'டக்' என ஒலித்தது. மறுநாள் அதே காரில் அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

அவர் காருக்கு அடியில் படுத்து, சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் மூட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"ஸ்டியரிங்க அப்படியும் இப்படியும் ஆட்டுங்க சாமி."

ஆட்டினேன்.

"போதுமுங்க, உட்டுருங்க!" என்று அலறியபடி வெளியே வந்தார். "ஜாயிண்டு தேஞ்சு, கழண்டு உழுகற மாதிரி நிக்குதுங்க. இதுல ஆரு வந்தீங்க?"

"நானும் மாசமா இருக்கற புள்ளையுந்தானுங்க. காவேரிப் பாலந் தாண்டி வந்தோம்."

அவர் கார்ச் சாவியை எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தண்ணீர்ச் செம்பைத் தூக்கிய அவர் கை நடுங்கி, நீர் மார்பில் சிந்தியது.

"புள்ளகிட்டச் சொல்லிப்போடாதீங்க சாமி."

எத்தனையோ வண்டிகளைப் பிரித்த அந்தக் கை ஏன் நடுங்கியது என்று நான் கேட்கவில்லை. கார் அன்றே சீராயிற்று. ஆயினும் அந்தப் பாலத்தை நெருங்கும்போதெல்லாம் அவருடைய நடுக்கம் என் கைகளுக்கு வந்துவிடுகிறது.