ஜெபமணி அண்ணன் அடித்த நாலு மணி ரிங்

ஜெபமணி அண்ணனின் மனைவி கிரேஸ் அக்காவின் போன் வந்தபோது நான் கிளினிக் வரவேற்பில் ஒரு பட்டாணியருக்குப் பல் பிடுங்க நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். "மெர்சி, அண்ணன் போயிட்டாவ" என்றார்கள். "எங்க போனாவ?" என்று கேட்டேன். மடச்சி, அப்படித்தான் கேட்டேன். ஏசி ரிப்பேருக்கு ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடிக்கு ஏறியவர், மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே சரிந்துவிட்டாராம். கூட இருந்த பங்களாதேஷ்காரர் தண்ணீர் தெளித்துப் பார்த்திருக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. பட்டாணியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பல்லை நாளைக்குப் பார்க்கலாம் என்று உருதுவில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் ரோலா கடைவீதியை மூன்று சுற்று சுற்றினேன். எங்கே போகிறேன் என்றே தெரியவில்லை, நிற்க மட்டும் முடியவில்லை.

அது நடந்து ஆறு நாள் ஆகிறது. எழுத உட்காருவதும் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவதுமாக இருக்கிறேன். எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஒரு சொல் நின்றுபோய்விட்டது, அதுதான் காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன். அவரை அறியாதவர்களுக்காக முதலில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜெபமணி அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பதினாறு வருஷம் ஏசி மெக்கானிக். எங்கள் தமிழ் ஜெபக்குழுவை அவர்தான் நடத்தினார். பதினெட்டுப் பேர் கொண்ட சின்னக் குழு. வெள்ளிக்கிழமை சர்ச் வளாகத்தில் ஆராதனை முடிந்ததும், அவருடைய வீட்டு ஹாலில் பாய் விரித்து உட்காருவோம். அவர் வீட்டில் டிவி கிடையாது. பெண்பிள்ளைகள் முக்காடு போடாமல் ஜெபத்தில் உட்காரக் கூடாது. தியேட்டர் பக்கம் போனவன் என்று தெரிந்தால் அன்று அவனுக்குப் பாட்டு எடுக்க வாய்ப்பில்லை. எனக்கோ பொல்லாத வாய். "அண்ணே, பரலோகத்துக்கு உங்ககிட்ட விசா எடுக்கணும்போல இருக்கே" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். சிரித்தார். "விசா அவரு தருவாரு, நான் வெறும் காகிதம் தூக்குற பிஆர்ஓ" என்றார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே பலருக்குத் தெரியாது.

நான்கு வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல். இராக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். பதவியில் இருந்தவரே திரும்பவும் நின்றார். ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் ஜெபக் குறிப்புகளை வாசிக்கும்போது, அவர் ஜெயிக்க வேண்டும் என்று நாம் உபவாசமிருந்து சங்கிலி ஜெபம் செய்யப்போகிறோம் என்று அறிவித்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "நமக்கு அங்க ஓட்டா இருக்கு?" என்றேன்.

"நமக்கு இங்கயும் ஓட்டு இல்ல. கடல் தாண்டி வந்துட்டதால ஊர்லயும் போட முடியல. முழங்கால் மட்டுந்தான் இருக்கு, சிஸ்டர். அதுக்கு எந்த நாட்டுக்காரனும் அடையாள அட்டை கேக்க மாட்டான்" என்றார்.

அவர் அரசியல் பேசுகிற ஆள் அல்ல. எண்ணெய் விலை, சண்டை, கட்சி எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. வயிற்றுப் பிள்ளையைக் கொல்வது பாவம் என்று வெளிப்படையாகச் சொல்கிற ஒருவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கணக்கு. "அமெரிக்கா எந்தப் பக்கம் சாயுதோ உலகம் அந்தப் பக்கம் சாயும்" என்பார்.

அன்று ரோஸ்லின் எழுந்து நின்றாள். என் வயதுக்காரி, தூத்துக்குடி ஜில்லா நாசரேத் பக்கத்தவள், வீட்டிலேயே தையல் வேலை, இரண்டு பெண்பிள்ளைகள். அவள் புருஷன் செல்வின் குவைத்தில் சமையல் வேலை என்று போனவர். கம்பெனிக்காரன் அவரை எல்லை தாண்டி இராக்குக்கு, அமெரிக்கப் பட்டாளத்தின் முகாமுக்குக் கூட்டிப் போய்விட்டான். காகிதத்தில் அவர் இன்னும் குவைத்தில்தான் இருந்தார். "ஆபீசுக்கு மட்டும் போன் போட்டுராத, வேலை போயிரும்" என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். செவ்வாயும் சனியும் யாரிடமாவது போன் வாங்கி ஒரே ஒரு ரிங் விட்டு வெட்டிவிடுவார். உயிரோடு இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். கல்ஃபில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரூமுக்கு வந்து சேர்ந்தேன், கீழே நிற்கிறேன், சாப்பாடு ரெடி, எல்லாம் ஒரு ரிங்கிலேயே முடிந்துவிடும்.

"அந்த ஆளு ஆரம்பிச்ச சண்டைக்குள்ளதான் எங்க வீட்டுக்காரவ சோறு பொங்குதாவ. இந்த ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன், அண்ணே" என்றாள் ரோஸ்லின்.

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "சண்டை பாவந்தாம்மா. ஆனா சண்டைக்கு ஒரு நாள் முடிவு வரும். வயித்துல கொல்லுறதுக்குச் சட்டமே காவல் நின்னா அதுக்கு முடிவே வராது" என்றார். பதில் நியாயமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்ன நேரம் சரியில்லை. அவள் முக்காட்டை இழுத்துவிட்டு, பிள்ளைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

தேர்தல் நாள் ரம்ஜான் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விழுந்தது. நாங்கள் உபவாசம் இருந்தது யார் கண்ணையும் உறுத்தவில்லை. அண்ணனின் ஃபோர்மேன் லாகூர்க்காரர், ஜெபமணி பாயும் நோன்பு வைத்திருக்கிறார் என்று மகிழ்ந்துபோய், சாயங்காலம் அவருக்கு இரண்டு பேரீச்சம்பழம் கூடுதலாக எடுத்து வைத்தாராம். சங்கிலி ஜெபம் என்றால் ஆளுக்கு ஒரு மணி நேரம். அவரவர் இருக்கிற இடத்தில் முழங்காலில் நிற்க வேண்டும். நேரம் முடிந்ததும் அடுத்த ஆளுக்கு ஒரு ரிங் விட்டு வெட்ட வேண்டும், அதுதான் கைமாற்றம். காலை ஆறுக்குத் தொடங்கிய சங்கிலியில் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை என் முறை. கிளினிக் ஸ்டோர் ரூமில் நின்றேன். அமெரிக்காவுக்காக அல்ல, அண்ணனுக்காகத்தான் நின்றேன்.

அன்று சாயங்காலம் நாலரைக்கு ரோஸ்லினிடமிருந்து போன். "மெர்சி! அவிய ரிங் குடுத்துட்டாவட்டி! சரியா நாலு மணிக்கு! நம்பர் விழல, இராக்குலேருந்து வந்தா விழாதுல்லா!" பத்து நாளாகச் செல்வினிடமிருந்து ரிங் இல்லை என்று அப்போதுதான் எனக்குச் சொன்னாள். அத்தனை நாளும் வைராக்கியத்தில் யாரிடமும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறாள். நான் கூத்தாடிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் அண்ணனை ஒர்க்ஷாப் போனில் கூப்பிட்டு, "உங்க சங்கிலி பலன் குடுத்துட்டுண்ணே, ரோஸ்லினுக்கு நாலு மணிக்கு செல்வின் ரிங் வந்துட்டு!" என்று கத்தினேன்.

"நாலு மணிக்கா?" என்றார்.

"ஆமாண்ணே."

"அது நான், மெர்சி."

மூன்றிலிருந்து நாலு வரை அவருடைய முறை. நாலிலிருந்து ஐந்து வரை ரோஸ்லின் பெயர். அவள் கோபித்துப் போன பிறகும் அந்தப் பெயரை அவர் அடிக்கவில்லை. மொபைலில் சார்ஜ் தீர்ந்துபோக, ஒர்க்ஷாப் போனிலிருந்து ரிங் விட்டிருக்கிறார். அதில் நம்பர் விழாது. "கோவத்துல போனவ, ஒரு மணிச்சத்தம் கேட்டா மனசு இளகுவான்னு நெனச்சேன்" என்றார்.

"சரிண்ணே, விட்டுருங்க. அவ இன்னைக்கு ஒரு ராத்திரியாவது தூங்கட்டும். சனிக்கிழமை நிஜ ரிங்கே வந்துரும்" என்றேன். இப்போதும் என் காதில் அது கேட்கிறது. அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் கிளினிக் வாசலில் அவருடைய வேன் நின்றது. என்னையும் வரச் சொன்னார். போகும் வழியில் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே ஒன்று சொன்னார். அதை இங்கே எழுதலாமா கூடாதா என்று நான் தவித்தபோது, "எழுதுட்டி. அவிய ஒரு பொய்யும் இல்லாம மண்ணுக்குப் போவட்டும்" என்று கிரேஸ் அக்காவே சொன்னார்கள்.

அக்கா நர்ஸ் வேலைக்கு இங்கே வந்த முதல் வருஷம், இரண்டாவது பிள்ளை உண்டாகியிருக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்தால் ஒப்பந்தம் ரத்து. இரண்டு பேரும் லீவு போட்டு ஊருக்குப் போய்க் கலைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஊரில், சபையில், அக்காவின் அம்மாவிடம்கூட, தானாகத் தவறிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். "போதகர் வந்து எங்க தலையில கைவச்சு ஆறுதல் சொன்னாரு, மெர்சி. நான் கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டேன். பொய்க்கு வாங்குன ஆறுதல் ஒட்டாது. இத்தனை வருஷமா என் மேல ஒட்டல. அத நான் இன்னொருத்திக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். அமெரிக்காக்காரன் தேர்தலுக்கு இந்த மனிதன் ஏன் பட்டினி கிடக்கிறான் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ரோஸ்லின் கதவைத் திறந்ததும் கேசரி வாசம் வந்தது. பிள்ளைகள் புதுச் சட்டையில் இருந்தார்கள். பழைய மனத்தாங்கல் எல்லாம் மறந்துபோய், "உக்காருங்கண்ணே, முதல்ல இனிப்பு" என்று தட்டை நீட்டினாள். அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, தன்மேல் தவறில்லை என்று காட்ட ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. "நாலு மணிக்கு ரிங் விட்டது செல்வின் இல்லம்மா. சங்கிலி ஜெபத்துக்கு நான்தான் விட்டேன்."

அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். நிதானமாகத்தான் வைத்தாள். பிறகு, "உங்க எலெக்ஷனுக்கு எங்க வீட்டுக்காரவ ரிங்தான் கிடைச்சுதா? போங்க. இனிமே இந்த வாசல்ல நிக்காதீங்க" என்றாள். மூத்த பெண் அழ ஆரம்பித்தாள். நாங்கள் படியிறங்கி வந்தோம். நோன்பு திறக்கிற பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

அவர் விரும்பியவரே ஜெயித்தார். வெள்ளிக்கிழமை எல்லோரும் ஸ்தோத்திரப் பாட்டு எடுத்தார்கள். அண்ணன் கைதட்டவில்லை. "நம்ம ஜெயிச்சோம்னு யாரும் வெளிய போயிப் பேசாதீங்க" என்று மட்டும் சொன்னார். ஆனால் தான் ஜெபித்தது தவறு என்று ஒருநாளும் சொன்னதில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். செல்வின் குவைத் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிர் தப்பிவிட்டார் என்று பிறகு யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் குடும்பத்தோடு ஓமானில் இருக்கிற சோஹாருக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அண்ணன் கார்டு அனுப்புவார். பதில் வந்ததில்லை.

இப்போது மறுபடி தேர்தல், இன்னும் ஒரே வாரத்தில். அண்ணன் சாவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, புதுச் சங்கிலிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். "இந்தத் தடவ என் பேரைப் போடாதீங்க" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கேட்டது வேறு.

"மெர்சி, அன்னைக்கு நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணுமோ?"

நான்கு வருஷமாக அவர் மனதில் அது கிடந்திருக்கிறது. எனக்கும் நான்கு வருஷக் கோபம் இருந்தது. யோசிக்கக்கூட இல்லை. "ஆமா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எனக்கு டீ எடுத்துவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவர் இல்லை.

உடலை ஊருக்கு அனுப்புவதற்கு முன், பெட்டியை மூடும் நேரத்தில், கொஞ்ச நேரம் பார்க்க விட்டார்கள். ரோஸ்லின் வந்திருந்தாள். சோஹாரிலிருந்து எல்லை தாண்டி, செல்வினும் கூட, இடது காலை இழுத்து இழுத்து. அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணன் வந்து சொல்லிட்டுப் போன பத்தாவது நிமிஷம், நான் குவைத் ஆபீசுக்குப் போன் போட்டேன், மெர்சி. அவிய போடாதன்னு சொல்லியும் போட்டேன். கத்துன கத்துல தேடுனாங்க. கால்ல குண்டுச் சிதறல் பட்டு, சீழ் பிடிச்சு, முகாம்ல ஒரு கூடாரத்துல யாரோ ஒருத்தன் பேருல கெடந்தாவ. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ஆளு இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. அந்த ரிங்க நம்பியிருந்தா நான் சனிக்கிழமை வரைக்கும் கேசரி தின்னுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பேன்."

"இத ஏன்ட்டி அவங்ககிட்ட சொல்லல?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அந்த எலெக்ஷன் கோவம் போவல. இன்னும் போவல. அடுத்த கிறிஸ்மஸுக்குச் சொல்லுவோம், அடுத்த கிறிஸ்மஸுக்குச் சொல்லுவோம்னு..." என்று பெட்டியின் பக்கம் திரும்பினாள். செல்வின் பெட்டியின் பக்கத்தில் போய் நின்று, அண்ணனின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

பெட்டியை மூட வந்தவர்கள் "கலாஸ், கலாஸ்", முடிந்தது என்று அவசரப்படுத்தினார்கள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். நாலு பேருக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் சொன்னேன். "அண்ணே, நீங்க செஞ்சதுதான் சரி. நான் சொன்னது தப்பு." மூடியில் ஆணி இறங்கியது.